பசிதான் பவர்: ஸ்கைரிம்ல வாம்பயரா விளையாட வர்ற புது ஆளுங்களுக்கு

ஸ்கைரிம்ங்கிற ஃபேன்டசி வீடியோ கேமை விளையாட ஆரம்பிச்ச புதுசுல நிறைய பேருக்கு இது நடந்திருக்கும். ஏதோ ஒரு குகைக்குள்ள போறோம், வெளுத்த மூஞ்சியோட நாலு பேர் நிக்கிறாங்க, சிவப்பா ஒரு மந்திரத்தை நம்ம மேல விட்டு உயிரை உறிஞ்சுறாங்க, எப்படியோ அடிச்சு ஜெயிச்சு வெளிய வந்துடுறோம், அதோட அதை மறந்தும் போயிடுறோம். கேம் கணக்குல மூணு நாள் கழிச்சு பார்த்தா நம்ம கேரக்டர் கண்ணு நிறம் மாறியிருக்கு, கன்னம் ஒட்டியிருக்கு, பகல்ல ஹெல்த் ஏறவே மாட்டேங்குது, என்ன ஆச்சுன்னே புரியாம பழைய சேவ் ஃபைலை தேடுறோம். ஆனது என்னன்னா நீங்க வாம்பயர் ஆயிட்டீங்க. பழைய சேவ்க்கு ஓடாம அப்படியே தொடர்ந்து விளையாடுனா அந்த கேம்லயே ரொம்ப சுவாரசியமான ஒரு பக்கம் திறக்கும், அதை எப்படி விளையாடுறதுன்னுதான் இங்க சொல்ல போறேன்.

முதல்ல நோய் கதை. அந்த சிவப்பு மந்திரத்துல இருந்து தொத்துற நோயோட பேர் சாங்குவினேர் வாம்பைரிஸ். மந்திரம் படுற ஒவ்வொரு தடவையும் தொத்த ஒரு சின்ன சான்ஸ் இருக்கு, தொத்துனதும் ஹெல்த்துல 25 பாயிண்ட் குறையும், மேஜிக் மெனுல ஆக்டிவ் எஃபெக்ட்ஸ்னு ஒரு பகுதி இருக்கே, அங்க போய் பார்த்தா பேரும் தெரியும். கேம் நேரத்துல 72 மணி நேரம் அப்படியே விட்டா முழு வாம்பயர். அதுக்குள்ள மனசு மாறுனா நோய் தீர்க்கிற போஷன் ஒண்ணு குடிக்கலாம், கோயில்லயோ வழியிலயோ இருக்கிற தெய்வ பீடத்தை தொட்டு கும்பிடலாம், பருந்து இறகு கையில இருந்தா அதை அப்படியே சாப்பிட்டாகூட போயிடும். 72 மணி நேரம் தாண்டிட்டா இது எதுவும் வேலைக்கு ஆகாது. ஏற்கனவே ஓநாய் மனுஷனா மாறுன கேரக்டர்னா இந்த நோய் தொத்தவே தொத்தாது, அதையும் மனசுல வச்சுக்குங்க. கேம்ல இருக்கிற இனங்கள்ல ஆர்கோனியனும் வுட் எல்ஃபும் பிறவியிலயே நோய்க்கு பாதி எதிர்ப்பு உள்ளவங்க, அவங்களுக்கு தொத்த கொஞ்சம் நேரம் எடுக்கும்.

வேணும்னே ஆகணும்னா எங்க போறதுன்னு கேட்டா நான் மோர்தாலைத்தான் சொல்லுவேன். சதுப்பு நிலத்துக்கு நடுவுல இருக்கிற சின்ன ஊர், எப்பவும் மூடுபனி. அங்க ஒரு வீடு எரிஞ்சு போய் கிடக்கும், அதுல ஒரு அம்மாவும் பொண்ணும் செத்திருப்பாங்க, ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, அந்த க்வெஸ்ட்டை பிடிச்சு போனா கடைசியில மொவார்த்ங்கிற பழைய வாம்பயரோட குகையில கொண்டு போய் விடும். அந்த க்வெஸ்ட்டை முடிச்சுட்டு வாம்பயர் ஆனா, மாறுறதுக்கு முன்னாடியே அவங்க எப்படி யோசிக்கிறவங்கன்னு உங்களுக்கு தெரிஞ்சிருக்கும், ஒரு ஊரையே பட்டியில அடைச்ச மாடா பார்க்கிற புத்தி அது, நம்ம கேரக்டர் அந்த வழியில போகுமா போகாதாங்கிற கேள்வி அங்கயே வந்துடும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஆர்பிஜியில, அதாவது நாமே ஒரு கேரக்டரா மாறி விளையாடுற கேம்ல, வாம்பயர்னா அடிப்படையில ஒரு பசி கடிகாரம். மத்த கேரக்டருக்கு நேரம் ஓடுறதால பெருசா ஒண்ணும் ஆகாது, எதிரிங்க நிறைஞ்ச ஒரு டன்ஜன்ல (நிலவறை) நாலு நாள் சுத்துனாலும் நீங்க அதே ஆள்தான். வாம்பயருக்கு அப்படி இல்ல, கடைசியா ரத்தம் குடிச்சு எவ்வளவு நேரம் ஆச்சுங்கிறதை பொறுத்து நீங்க வேற ஆளா மாறிக்கிட்டே இருக்கீங்க. ஸ்கைரிம்ல இது நாலு ஸ்டேஜ். குடிச்ச உடனே முதல் ஸ்டேஜ், 24 மணி நேரம் குடிக்கலைன்னா ரெண்டாவது, 48 ஆனா மூணாவது, 72 ஆனா நாலாவது. ஸ்டேஜ் ஏற ஏற குளிருக்கு எதிர்ப்பு 25, 50, 75, 100 சதவீதம்னு ஏறிக்கிட்டே போகும், உயிர் உறிஞ்சுற மந்திரம் இன்னும் வலுவாகும், ரெண்டாவது ஸ்டேஜ்ல ஆளை மயக்கிற சக்தி வரும், நாலாவதுல 3 நிமிஷம் கண்ணுக்கே தெரியாம மறையுற சக்தி வரும். ஆனா கூடவே தீயால வர்ற அடி 20, 30, 40, 50 சதவீதம்னு கூடும், வெயில்ல நின்னா ஹெல்த், மேஜிக்கா (மந்திர சக்தி), ஸ்டாமினா (உடல் தெம்பு) மூணுலயும் 15, 30, 45, 60 பாயிண்ட்னு குறையும், வெயில்ல இருக்கிற வரைக்கும் அது மூணும் திரும்ப ஏறவும் ஏறாது. வண்டியில பெட்ரோல் குறைய குறைய வேகம் கூடுது, பிரேக்கும் கூடவே போகுதுன்னு வச்சுக்குங்க, அந்த மாதிரிதான். எந்த ஸ்டேஜ்ல நிக்கணும்ங்கிறதை நீங்கதான் முடிவு பண்றீங்க, வாம்பயர் விளையாட்டோட உயிரே அந்த முடிவுலதான் இருக்கு.

இந்த மணி நேரக் கணக்கு நம்ம நிஜ நேரத்துல எவ்வளவுன்னு தெரிஞ்சா திட்டம் போட வசதி. கேம்ல நேரம் 20 மடங்கு வேகமா ஓடுது, அதாவது கேம்ல ஒரு மணி நேரம்னா நமக்கு 3 நிமிஷம். 24 மணி நேரம்னா 72 நிமிஷம். அப்ப காத்திருக்காம, தூங்காம, ஃபாஸ்ட் ட்ராவல் (மேப்ல இடத்தை தேர்ந்தெடுத்து நேரா தாவுறது) பண்ணாம நேரா விளையாடுனா வயிறு நிறைஞ்ச நிலையில இருந்து நாலாவது ஸ்டேஜ் போக மூணரை மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல ஆகும். ஆனா ஃபாஸ்ட் ட்ராவல் பண்ணா நடந்து போற நேரம் முழுக்க கழிஞ்சிடும், நாட்டோட ஒரு மூலையில இருந்து இன்னொரு மூலைக்கு தாவுனீங்கன்னா போய் இறங்குறப்ப பசியோடதான் இறங்குவீங்க. புதுசா விளையாடுறவங்க "இப்பதானே குடிச்சேன், அதுக்குள்ள எப்படி ரெண்டாவது ஸ்டேஜ்"னு குழம்புறது பெரும்பாலும் இதனாலதான்.

வெயில் கணக்கு காலையில 5 மணியில இருந்து சாயங்காலம் 7 மணி வரைக்கும். மேகமா இருந்தாலும், மழை பெஞ்சாலும், மரத்தடியில நின்னாலும் வெளிய இருந்தா வெயில்தான், கேம் அதையெல்லாம் பிரிச்சு பார்க்காது. வீட்டுக்குள்ள, குகைக்குள்ள, டன்ஜன்க்குள்ள இருந்தா வெயிலே கிடையாது. ஸ்கைரிம் வெயில் ஆளை கொல்லாதுங்கிறது நல்ல விஷயம், இதே தொடர்ல இதுக்கு முந்தி 2006ல வந்த அப்லிவியன் கேம்ல பசி முத்திட்டா வெயில் நிஜமாவே உடம்பை எரிச்சு சாகடிச்சிடும், அதுக்கு இது எவ்வளவோ மேல். ஆனா ஹெல்த் ஏறாத ஆளா ரோட்டுல நடக்கிறப்ப ஒரு ஓநாய் கூட்டம் வந்தாகூட பயம் வருது, அதனால தானாவே ஒரு வாழ்க்கை முறை பழகிடும்: பகல்ல டன்ஜன், ராத்திரி பயணம். ராத்திரி 10 மணி நேரம், அதாவது நம்ம நேரத்துல 30 நிமிஷம். ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்கு நடந்து போக அது தாராளமா போதும், வழியில ஏதாவது சத்தம் கேட்டு திரும்பி பார்த்துக்கிட்டு நின்னாதான் இழுக்கும். ராத்திரியில மட்டும் நடந்து பாருங்க, ஸ்கைரிம் வானத்துல பச்சையா ஒளி அலை அலையா ஓடுறதை பகல்ல விளையாடுறவங்க பாதி நாள் பார்க்கிறதே இல்ல.

ரத்தம் குடிக்கிறது எப்படின்னா, தூங்குற ஆள்கிட்ட பதுங்கி போய் பேசுற பட்டனை அழுத்துனா பாக்கெட் அடிக்கணுமா ரத்தம் குடிக்கணுமான்னு கேட்கும், குடிக்கிறதை தேர்ந்தெடுத்தா முடிஞ்சது. அந்த ஆள் சாகிறது இல்ல, முழிக்கிறதும் இல்ல, காலையில எந்திரிச்சு வேலையை பார்க்க போயிடுவாங்க. யாராவது பார்த்துட்டா மட்டும் குற்றம், தலைக்கு விலை வச்சிடுவாங்க. அதனால ஆள் தூங்குறதா, அறையில வேற யாராவது முழிச்சிருக்காங்களா, கதவு பூட்டியிருக்கான்னு மூணையும் பார்க்கணும். சத்திரத்துல தங்கியிருக்கிறவங்க, கொள்ளைக்காரங்க முகாம்ல படுத்திருக்கிறவங்க, காவலாளிங்க படுக்கிற இடம், இதெல்லாம் சுலபமானது. ரிஃப்டன்ங்கிற ஊர்ல ஹேல்கான்னு ஒரு பொம்பள வேலையாளுங்களுக்கு தங்குற விடுதி நடத்துறாங்க, ராத்திரி போனா ஒரே கூரைக்குக் கீழ நிறைய படுக்கை, ஆரம்பத்துல பழகிக்க அதைவிட நல்ல இடம் இல்ல. பதுங்குற ஸ்கில் குறைவா இருந்தாலும் கவலைப்பட வேண்டாம், வாம்பயர் பதுங்குனா கண்டுபிடிக்கிறது மத்தவங்களைவிட 25 சதவீதம் கஷ்டம், இது எல்லா ஸ்டேஜ்லயும் கூடவே இருக்கு. ஆளுங்க மனசை குழப்புற இல்யூஷன் மந்திரமும் 25 சதவீதம் வலுவா இருக்கும், அதனால வாம்பயர் கேரக்டருக்கு பதுங்குறது, இல்யூஷன் ரெண்டையும் வளர்த்தா பொருத்தமா வரும். ஒரு கோட்டைக்குள்ள நுழைஞ்சு யாரையும் கத்தியால தொடாம ஆளை ஆளோட சண்டை போட விட்டுட்டு வெளிய வர்ற அளவுக்கு போகலாம்.

தீயைப் பத்தி தனியா சொல்லியே ஆகணும், ஏன்னா வாம்பயரா ஆரம்பிச்சவங்க கைவிடுறதுக்கு பெரிய காரணம் இதுதான். இந்த கேம்ல நீங்க டிராகன்பார்ன், டிராகனை கொல்றதுதான் மெயின் கதையே, அந்த டிராகன்ல ஒரு பாதி வாயைத் திறந்தா தீ. அதோட தீ மந்திரவாதிங்க, தரையில மிதிச்சா தீ வர்ற பொறிங்க. நாலாவது ஸ்டேஜ்ல நிக்கிற ஆளுக்கு ஒண்ணரை மடங்கு அடி விழும். இதுக்கு கேரக்டர் உருவாக்குறப்பவே ஒரு வழி இருக்கு, டன்மர்னு சொல்ற டார்க் எல்ஃபை எடுங்க. அவங்களுக்கு பிறவியிலயே 50 சதவீதம் தீ எதிர்ப்பு, அது வாம்பயரோட 50 சதவீத பலவீனத்தோட கழிஞ்சு நாலாவது ஸ்டேஜ்லகூட சாதாரண மனுஷன் அளவுக்கு வந்து நிக்கும், முதல் ஸ்டேஜ்ல இருந்தா 30 சதவீதம் லாபம்தான். நார்ட்னு சொல்ற ஸ்கைரிம் நாட்டு மனுஷ இனத்தை எடுத்தா அவங்களுக்கு ஏற்கனவே குளிர் எதிர்ப்பு 50 சதவீதம் இருக்கு, வாம்பயரும் அதையே தர்றதால பாதி வீணா போகும், கதைக்காக எடுக்கிறதுன்னா எடுங்க, இந்த மண்ணோட ஆள் ரத்தம் குடிக்கிறவனா மாறிட்டான்ங்கிறது நல்ல கதைதான். வேற இனமா இருந்தா தீ எதிர்ப்பு போட்ட மோதிரமோ சங்கிலியோ கேடயமோ கிடைக்கிற வரைக்கும் டிராகன் பக்கம் வயிறு நிறைஞ்சு போங்க, பசியோட போகாதீங்க.

எந்த ஸ்டேஜ்ல இருக்கிறது நல்லதுன்னு கேட்டா, ஊரு, வெயில், டிராகன்னு சுத்துற நாள்ல முதல் ஸ்டேஜ், பெரிய டன்ஜன்க்குள்ள ரொம்ப நேரம் இருக்க போறீங்கன்னா நாலாவது. குளிர் மந்திரம் விடுற எதிரி நிறைஞ்ச பழைய நார்ட் கல்லறைங்க இருக்கே, அங்க நாலாவது ஸ்டேஜ்ல போனா அவங்க விடுற பனி உங்களை பெருசா ஒண்ணும் பண்ணாது, குளிர் எதிர்ப்பு 100 சதவீதம்னு காட்டுனாலும் கேம் 85 சதவீதம் வரைக்கும்தான் கணக்குல எடுக்கும். விஷமும் நோயும் எந்த ஸ்டேஜ்லயும் ஒண்ணும் பண்ணாது, சிலந்தி குகையில அது எவ்வளவு நிம்மதின்னு போனா தெரியும்.

கொஞ்சம் அனுபவம் வந்தவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லி வைக்கிறேன். ரெஸ்டோரேஷன் (குணப்படுத்துற மந்திரம்) ஸ்கில் 70 வந்தா நெக்ரோமேஜ்னு ஒரு பெர்க், அதாவது கூடுதல் திறமை, கிடைக்கும், செத்து எழுந்தவங்க மேல மந்திரம் 25 சதவீதம் வலுவா வேலை செய்யும்ங்கிறது அதோட அர்த்தம். வாம்பயரும் அந்த கணக்குலதான் வர்றார், அதனால நீங்க உங்க மேலயே போட்டுக்கிற மந்திரம், போட்டிருக்கிற சட்டை மோதிரத்துல இருக்கிற மந்திரம் பெரும்பாலானது எல்லாமே கூடிடும். கேமை ரொம்ப சுலபமாக்கிடும், முதல் தடவை விளையாடுறவங்க இதை தொடாம இருந்தா நல்லதுன்னு நினைக்கிறேன், பசியும் பயமும் இருக்கிறப்பதான் இந்த ஆட்டத்துக்கு சுவை.

அடுத்தது டான்கார்ட். 2012ல வந்த டிஎல்சி, அதாவது கேமோட கூடுதல் பாகம், இப்ப வாங்குற ஸ்பெஷல் எடிஷன்ல சேர்ந்தேதான் வருது. வாம்பயரை வேட்டையாடுற டான்கார்ட்னு ஒரு கூட்டம், வோல்கிஹார்னு ஒரு வாம்பயர் குடும்பம், ரெண்டுல ஒரு பக்கம் நீங்க. ஒரு கல்லறைக்குள்ள பல காலமா அடைச்சு வச்சிருந்த செரானாங்கிற பொண்ணை எழுப்பி, வடமேற்கு கடல்ல இருக்கிற கோட்டைக்கு கூட்டிட்டு போறீங்க, அவளோட அப்பா ஹார்கன் உங்களை பார்த்து என் ரத்தத்தை பரிசா தர்றேன்னு சொல்லுவார், வாங்கிக்கிட்டா வாம்பயர் லார்ட், வேண்டாம்னா கோட்டைக்கு வெளிய. வாங்கிக்கிட்டவங்களுக்கு பெரிய இறக்கை வச்ச ஒரு உருவமா எப்ப வேணும்னாலும் மாற முடியும், தரையை தொடாம மிதந்துக்கிட்டே கையால உயிரை உறிஞ்சலாம், தரையில இறங்குனா நகத்தால கிழிக்கலாம், அந்த உருவத்துல இருக்கிறப்ப உறிஞ்சியோ கடிச்சோ கொன்னா தனி பெர்க் மரம் வளரும், மொத்தம் 11 பெர்க். மூடுபனியா மாறுறது, கல்லு அரக்கனை கூப்பிடுறது எல்லாம் அதுலதான் இருக்கு. ஆனா அந்த உருவத்துல பையைத் திறக்க முடியாது, மேப் பார்க்க முடியாது, ஊருக்குள்ள யாராவது பார்த்தா கத்தியை உருவிக்கிட்டு வருவாங்க. கோட்டைக்குள்ள சாப்பாட்டு கூடத்துல ரத்தத்துக்குன்னே வச்சிருக்கிற மனுஷங்க இருப்பாங்க, குற்றம் கிடையாது, யாரும் கேட்க மாட்டாங்க, பசி பிரச்சனை அதோட தீர்ந்துச்சு. அங்க குடிக்கிறப்ப எனக்கு சங்கடமா இருக்கும், கேம் அதை வேணும்னே அப்படி வச்சிருக்குன்னுதான் தோணுது.

டான்கார்ட் மாத்துன ஒரு விஷயத்துல எனக்கு உடன்பாடு இல்ல. முதல்ல வந்த கேம்ல நாலாவது ஸ்டேஜ் போயிட்டா ஊரே உங்களை பார்த்ததும் தாக்கும், அதனால பசியை அடக்க முடியாத நிலைக்கு வர்றதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது குடிச்சே ஆகணும்ங்கிற நெருக்கடி இருந்துச்சு. டான்கார்ட் போட்டதுக்கு அப்புறம் நாலாவது ஸ்டேஜ்லயும் கடைக்காரர் சிரிச்சுக்கிட்டே சாமான் விக்கிறார். வசதிதான், ஆனா பசிக்கு இருந்த பல்லை பிடுங்கிட்டாங்க. அதனால நான் சொல்றது, ரெண்டு மூணு கட்டுப்பாடை நீங்களே போட்டுக்குங்க. மூணாவது ஸ்டேஜ்க்கு மேல போனா ஊருக்குள்ள நுழையுறது இல்ல. சாதாரண சாப்பாடு சாப்பிடுறது இல்ல. யார்கிட்ட குடிக்கிறதுங்கிறதுக்கு ஒரு விதி: உங்க கேரக்டர் கொள்ளைக்காரங்ககிட்ட மட்டும் குடிக்கிற ஆளா, பணக்காரங்ககிட்ட மட்டும் குடிக்கிற ஆளா, கிடைச்சவங்ககிட்ட குடிச்சுட்டு காலையில வருத்தப்படுற ஆளா. கொள்ளைக்காரங்ககிட்ட மட்டும்னு வச்சா பசி வர்றப்ப எல்லாம் மேப்ல கிட்ட இருக்கிற முகாமை தேடி ராத்திரி ஓடணும், அங்க தூங்குறவனுக்கு பக்கத்துல முழிச்சிருக்கிறவனை சத்தமில்லாம சமாளிக்கணும், ஒவ்வொரு வேளை சாப்பாடும் ஒரு குட்டி க்வெஸ்ட் ஆயிடும். யாரும் எழுதி தராத கதை அது, நீங்களும் கேமும் சேர்ந்து உண்டாக்குறது, ரோல் ப்ளேயிங்னா எனக்கு அதுதான்.

செரானாவை கூடவே வச்சுக்குங்க, வாம்பயரா எப்படி இருக்கணும்னு அவளைப் பார்த்தே கத்துக்கலாம். பகல்ல வெளிய வந்தா முக்காடை இழுத்து மூடிக்குவா, வெயிலைப் பத்தி புலம்புவா. அவ அம்மாவை தேடி சோல் கெய்ர்ன்ங்கிற செத்தவங்க உலகத்துக்கு போக வேண்டி வரும், மனுஷனா இருந்தா உயிர்ல ஒரு பங்கை விட்டுட்டுதான் உள்ள போகணும் இல்லைன்னா வாம்பயர் ஆகணும், ஏற்கனவே வாம்பயரா இருந்தா நேரா நடந்து உள்ள போயிடலாம். கதை முடியுற கட்டத்துல ஆரியலோட வில்லு கிடைக்கும், எல்வன் அம்புல செரானா தன்னோட ரத்தத்தை ஏத்தி தருவா, அந்த அம்பை சூரியனை பார்த்து விட்டா பகல் இருண்டு போயிடும், அன்னிக்கு முழுக்க வெயில் தொல்லை கிடையாது. கேம் முழுக்க ஒளிஞ்சு ஒளிஞ்சு நடந்த ஆளுக்கு அந்த ஒரு அம்பு தர்ற சந்தோஷம் மனுஷனா விளையாடுறவங்களுக்கு புரியாது.

ஸ்கைரிம் பழகுனதுக்கு அப்புறம் பசியை வேற விதமா யோசிச்ச கேம்களையும் பாருங்க. வாம்பயர் தி மாஸ்கரேட் பிளட்லைன்ஸ், ட்ரோய்கா கேம்ஸ்ங்கிற கம்பெனி பண்ணது, 2004 நவம்பர்ல வந்துச்சு, அதே நாள்லதான் ஹாஃப் லைஃப் 2ங்கிற பெரிய கேமும் வந்துச்சு, இது விக்காம போச்சு, அடுத்த வருஷமே கம்பெனி மூடிட்டாங்க. ஆனா வாம்பயரா இருக்கிறதை அதைவிட நல்லா காட்டுன கேம் இன்னும் நான் பார்க்கலை. லாஸ் ஏஞ்சலஸ்ல நடக்குது, சாண்டா மோனிகா, டவுன்டவுன், ஹாலிவுட், சைனாடவுன். ஸ்கைரிம்ல பசி வெயிலோட சண்டை போடுது, இங்க பசி ரகசியத்தோட சண்டை போடுது. மனுஷங்களுக்கு நீங்க யாருன்னு தெரியக்கூடாது, மாஸ்கரேட்னா அந்த மறைப்புதான், தெருவுல ஆள் பார்க்க சக்தியை காட்டுனாலோ ரத்தம் குடிச்சாலோ ஒரு மீறல், அஞ்சு மீறல் சேர்ந்தா ஆட்டம் முடிஞ்சது. இன்னொரு பக்கம் ஹ்யூமானிட்டின்னு ஒண்ணு, அப்பாவியை கொன்னா குறையும், அது குறைஞ்ச ஆள் பசியில இருந்தா கட்டுப்பாடு இழந்து வெறி பிடிச்சு பக்கத்துல இருக்கிறவங்க மேல பாய்ஞ்சிடுவார், அப்ப கீபோர்டு உங்க பேச்சை கேட்காது.

அதுல ஏழு குலம், குலத்தைப் பொறுத்து கேமே மாறும். வென்ட்ரூ எடுத்தா பெருச்சாளி ரத்தம் ஒத்துக்காம வாந்தி எடுப்பார், கௌரவக்கார குலம் அது. நாஸ்ஃபெராட்டு எடுத்தா மூஞ்சியே கோரம், தெருவுல ஆள் பார்த்தாலே மீறல், அதனால சாக்கடை வழியாவே ஊர் முழுக்க சுத்தணும். மால்கேவியன் எடுத்தா மனசு கலங்குன ஆள், பேசுற ஒவ்வொரு வசனமும் தனியா எழுதியிருக்காங்க, டிவியோட பேசுவார், ரோட்டுல இருக்கிற ஸ்டாப் போர்டோட சண்டை போடுவார். முதல் தடவை அதை எடுக்காதீங்க, கதை புரியாது, ரெண்டாவது தடவை எடுத்தா அவர் உளறுனது பாதி பின்னாடி நடக்க போறதோட குறிப்புன்னு தெரியும். பிசியில விளையாடுறப்ப ரசிகர்கள் பண்ண அன்அஃபீஷியல் பேட்ச்சை முதல்ல போட்டுடுங்க, இல்லாம நிம்மதியா ஓடாது.

2018ல டோன்ட்நாட் பண்ண வாம்பயர்னே பேரு வச்ச கேம் ஒண்ணு, 1918 லண்டன்ல ஸ்பானிஷ் ஃப்ளூ பரவுற நேரம், நீங்க ஜொனாதன் ரீடுங்கிற டாக்டர். அங்க பசி நேரத்தோட ஓடுறது இல்ல, ஊர்ல இருக்கிற ஒவ்வொரு ஆளும் ஒரு எக்ஸ்பீரியன்ஸ் மூட்டை, கொன்னா லெவல் ஏறும். அந்த ஆளோட கதையை தெரிஞ்சுக்கிட்டு, நோயை குணப்படுத்துனா ரத்தத்தோட மதிப்பு இன்னும் கூடும். அதாவது யாரை நல்லா தெரியுதோ, யாரை நீங்களே காப்பாத்துனீங்களோ, அவங்களை கொல்லத்தான் கேம் அதிகமா ஆசை காட்டுது. நிறைய பேரை கொன்னா அந்த பேட்டையே சீரழிஞ்சு போகும். சண்டை சுமார்தான், இந்த ஒரு யோசனைக்காக விளையாடலாம். 2023ல வந்த பால்டர்ஸ் கேட் 3ல அஸ்டேரியன்ங்கிற வாம்பயர் இருக்கார், அவரையே ஹீரோவா எடுத்தும் விளையாடலாம், ஆனா அவருக்கு வெயில் ஒண்ணும் பண்ணாது, காரணம் கதையிலயே இருக்கு, பசி கூட இருக்கிறவங்களோட உறவை எப்படி மாத்துதுங்கிறதுக்கு அது நல்ல உதாரணம்.

கடைசியா, ஸ்கைரிம்ல போதும்னு தோணுனா திரும்ப மனுஷனா ஆகுற வழி. சத்திரக்காரங்ககிட்ட ஊர்ல என்ன விசேஷம்னு விசாரிச்சா மோர்தால்ல இருக்கிற ஃபாலியன்ங்கிற மந்திரவாதி பேரை சொல்லுவாங்க. அவருக்கு நிரப்புன பிளாக் சோல் ஜெம் (உயிரை அடைச்சு வைக்கிற கருப்பு கல்லு) ஒண்ணு வேணும். காலி ஜெம் அவர்கிட்டயே விலைக்கு கிடைக்கும், ஆனா அதை நிரப்ப மனுஷ உயிர்தான் வேணும், மிருக உயிர் ஆகாது, அதனால சோல் ட்ராப் மந்திரத்தை ஒரு கொள்ளைக்காரன் மேல போட்டுட்டு அவனை கொல்லணும். அப்புறம் ஃபாலியன்கிட்ட போய் சொன்னா விடியுற நேரத்துல ஊருக்கு வெளிய சதுப்புல இருக்கிற கல்லு வட்டத்துக்கு வர சொல்லுவார், பூஜை மாதிரி ஒண்ணு பண்ணுவார், முடிஞ்சதும் வெயில்ல நிக்கலாம். கம்பேனியன்ஸ் கூட்டத்துல சேர்ந்து ஓநாய் ரத்தம் வாங்குனாலும் வாம்பயர் தன்மை போயிடும், ரெண்டும் ஒரே உடம்புல இருக்காது. குணமானதுக்கு அப்புறம் மறுபடியும் வாம்பயர் லார்ட் ஆகணும்னு ஆசை வந்தா செரானாகிட்ட கேளுங்க, அவ கடிச்சு மாத்தி விடுவா, திரும்ப முதல் ஸ்டேஜ்ல இருந்து ஆரம்பிக்கலாம்.